பொதுக் கோப்பகமும் அதன் விரைவும்

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட காலத்தில், காணிகளையும் குடிகளையும் பதிந்துவைத்த பேரேடுகளுக்குத் தோம்பு என்று பெயர். போர்த்துக்கீசரின் மொழியிலிருந்து வந்த அச்சொல் யாழ்ப்பாணத்துத் தமிழிலும் நிலைத்துவிட்டது. ஒல்லாந்தர் 1796ஆம் ஆண்டிற் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்புவித்தனர். ஆயினும் அவர்கள் எழுதிய தோம்புகளுட் பல இன்றும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. பலருக்குப் பொதுவான ஏடொன்று ஓரிடத்தில் இருக்குமாயின், அதனை நாடி வருவோர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. நான் வேண்டுவது எவ்வளவு விரைவிற் கிடைக்கும் என்பது ஒன்று. பதிந்தாயிற்று என்று எனக்குச் சொல்லப்பட்டது உண்மையிலே பதியப்பட்டதா என்பது மற்றொன்று.

இன்று பேரேடுகளின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. அலுவலகமாயினும் பாடசாலையாயினும், பலர் தத்தம் மேசையிலிருந்தபடியே ஒரே பொறியிலுள்ள கோப்புக்களைத் திறந்து படிக்கவும் எழுதவும் செய்கின்றனர். அப்பொறியைக் கோப்புச் சேவையகம் என்கிறோம். அது மந்தமானால் அனைவரும் காத்திருக்க நேரும். அது பொய்த்தால் அனைவரும் இழக்க நேரும். மேற்சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் அறிஞர்கள் கடந்த எழுபது ஆண்டுகளாக விடை தேடிய வரலாற்றையே இன்று சுருக்கமாக நோக்கவிருக்கிறோம்.

முதலில் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தகவல்களைச் சேமிக்கும் வட்டுப் பொறி ஒன்றை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அதிற் சுழன்றன. அத்தனை பெரிய பொறியில் அடங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களே. வேண்டிய தட்டையும் அத்தட்டில் வேண்டிய தடத்தையும் தேடிச் சென்று படிக்க ஒரு கை அமைந்திருந்தது. அக்கை உரிய இடத்தை அடையச் சராசரியாக அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூடிய நேரம் பிடித்தது. பின்வந்த வட்டுக்களில் அந்நேரம் செக்கனின் நூற்றில் ஒரு பங்களவிற்குக் குறைந்தது உண்மையே. எனினும், படிப்பதற்கன்று, படிக்கவேண்டிய இடத்தைச் சென்றடைவதற்கே பெரும்பொழுது செலவாகும் என்னும் விதி அரை நூற்றாண்டுக்கு மேலாக மாறாதிருந்தது. கோப்பகத்தை விரைவாக்கும் கலையிற் பெரும்பகுதி அக்கையின் வீண் அலைச்சலைக் குறைக்கும் கலையே.

1960களில் ஒரு கணினியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தும் முறை தோன்றியது. அம்முறையின் வழிவந்ததே, 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமை. அதன் கோப்பு அமைப்பு எளிமையும் அழகும் பொருந்தியது. ஒவ்வொரு கோப்புக்கும் தோம்புப் பதிவு போன்ற குறிப்பொன்று உண்டு. அக்கோப்பு யாருடையது, எத்துணைப் பெரிது, அதன் பகுதிகள் வட்டில் எங்கெங்கே கிடக்கின்றன என்பன அக்குறிப்பில் இருக்கும். கோப்பின் உள்ளடக்கமோ 512 பைற்று அளவுள்ள சிறு தொகுதிகளாகப் பிரித்து வைக்கப்படும்.

இவ்வெளிமையிலே குறை ஒன்றும் மறைந்திருந்தது. குறிப்புக்கள் யாவும் வட்டின் ஒரு முனையில் இருந்தன; உள்ளடக்கமோ தொலைவில் இருந்தது. ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கை அங்குமிங்கும் ஓடவேண்டியிருந்தது. மேலும், கோப்புக்கள் அழிக்கப்படுந்தோறும் ஒழிந்த இடங்கள் முன்பின்னாகக் கலைந்தன. அவ்விடங்களிற் புதிதாக எழுதப்படும் கோப்பு வட்டெங்கும் சிதறிக் கிடந்தது. கலிபோர்னியாவிலுள்ள பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் இதனை அளந்து பார்த்தனர். புதிதாக அமைத்த பொழுதிலே செக்கனுக்கு 175 கிலோபைற்றுவரை தந்த அமைப்பு, சில வாரங்கள் புழங்கிய பின்னர் 30 கிலோபைற்று மட்டுமே தந்தது. பொறி பழுதடையவில்லை, ஒழுங்கு குலைந்தமையே காரணம்.

இக்குறையை நீக்கப் பேர்க்கிலியில் மார்ஷல் மக்கியூசிக், வில்லியம் ஜோய், சாமுவேல் லெஃப்லர், ரொபேர்ட் ஃபப்ரி என்னும் நால்வர் முயன்றனர். அவர்கள் தம் ஆய்வை 1984ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் கண்ட மருந்துகள் மூன்று.

முதலாவது, தொகுதியின் அளவைப் பெருக்கியமை. கொழும்புத் துறைமுகத்தில் 1950களில் ஆழ்நீர்த் துறைமேடைகள் அமையும்வரை, கப்பல்கள் நடுத்துறையில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குத் தோணிகளே பண்டங்களைக் கரைசேர்த்தன என்பதைக் கொட்டாஞ்சேனை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தோணி சிறிதாயினும் பெரிதாயினும் ஒரு தடவை போய்வரும் பொழுது ஏறத்தாழ ஒன்றே. ஆகவே தோணி பெரிதாக இருப்பின் பயணங்கள் குறையும். 512 பைற்றை 4096 ஆக்கியதன் நியாயம் இதுவே. ஆனால், ஒரே ஒரு மூட்டையை ஏற்றிவரப் பெருந்தோணி ஒன்றை விடுவது வீண். யுனிக்ஸ் கோப்புக்களிற் பெரும்பாலானவை சிறியவை. 512 பைற்றுத் தொகுதிகளில் வீணாகும் இடம் நூற்றுக்கு 6.9 ஆக இருக்க, 4096 பைற்றுத் தொகுதிகளில் அது நூற்றுக்கு 45.6 ஆக உயரும் என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். எனவே பெருந்தோணியின் உள்ளே தடுப்புக்கள் அமைத்தாற்போல, தொகுதியைத் துணுக்குகளாகப் பிரித்து, சிறு கோப்புக்களுக்குத் துணுக்குகளை மட்டும் வழங்கினர். விரைவும் கிடைத்தது, இடமும் வீணாகவில்லை.

இரண்டாவது, உறவுடையவற்றை அயலில் வைத்தமை. வட்டு முழுவதையும் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு கோப்பின் குறிப்பையும் உள்ளடக்கத்தையும் இயன்றவரை ஒரே வட்டாரத்தில் வைத்தனர். ஒரே கோப்புறையைச் சேர்ந்த கோப்புக்களின் குறிப்புக்களையும் அவ்வாறே அயலயலாக வைத்தனர். மூன்றாவது, நூற்றுக்குப் பத்துப் பங்கு இடத்தை எப்போதும் வெறுமையாக விட்டமை. கடைசி மூலைவரை நிரப்பிய அலுமாரியில் எதனையும் முறையாக வைக்க இயலாது என்பது இல்லத்தரசிகள் அறிந்த உண்மை. வட்டு நிரம்பிவிட்டால் விரைவு ஏறத்தாழப் பாதியாகும் என்று அளவை காட்டியது. இம்மூன்றினாலும், வட்டின் முழு ஆற்றலில் நூற்றுக்கு நான்கைந்து பங்கினை மட்டும் பயன்படுத்திய பழைய அமைப்புக்கு மாறாக, நூற்றுக்கு 47 பங்குவரை பயன்படுத்தும் புதிய அமைப்புப் பிறந்தது. புதிய இரும்பு எதனையும் சேர்க்காமல், ஒழுங்கொன்றினாலேயே பெற்ற ஊதியம் இது.

ஒரே கணினிக்குள் இருந்த கோப்பகம் பல கணினிகளுக்குப் பொதுவானது அக்காலத்திலேதான். 1983ஆம் ஆண்டில் நொவெல் நிறுவனத்தின் நெற்வெயர் வந்தது. 1985ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வலையமைப்புக் கோப்பு முறைமை என்னும் ஏற்பாட்டை உலகிற்கு அறிமுகஞ் செய்தனர். இப்பொழுது ஒரு வட்டிடம் ஒரே வேளையிற் பத்துப்பேர் பத்து இடங்களிலுள்ள கோப்புக்களைக் கேட்டனர். கேட்ட வரிசைப்படியே கொடுக்கப் புகுந்தால் கை ஓயாது அலையும். புறக்கோட்டையிற் புறப்பட்டுக் காலி வீதி வழியே செல்லும் பஸ் வண்டி, பயணிகள் ஏறிய வரிசைப்படி அவர்களை இறக்குவதில்லை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று வழியில் வரும் ஒழுங்கிலேயே இறக்கிச் செல்கிறது. அதுபோலக் கை ஒரு திசையாகச் செல்லும்போதே வழியிலுள்ள வேண்டுகோள்கள் அனைத்தையும் நிறைவேற்றும் முறையை நெற்வெயர் கையாண்டது. மின்தூக்கியும் அவ்வாறே இயங்குவதால் அதற்கு மின்தூக்கி முறை என்றே பெயர் வழங்கலாயிற்று.

எனினும், வட்டை நாடாமலே விடை தருவதன்றோ யாவற்றினும் விரைவு? அடிக்கடி கேட்கப்படும் ஏட்டை உள்ளறைக்குத் திருப்பி அனுப்பாமல் மேசைமேலேயே வைத்திருக்கும் எழுதுவினைஞரைப் போல, சேவையகமும் அண்மையிற் படித்தவற்றைத் தன் நினைவகத்திற் பதுக்கி வைக்கிறது. 1985ஆம் ஆண்டில் பேர்க்கிலியில் ஜோன் ஊஸ்டர்ஹவுட்டும் அவருடைய குழுவினரும், பயனாளர் கோப்புக்களை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதைப் பொறியிற் பதிந்து ஆராய்ந்தனர். 4 மெகாபைற்றுப் பதுக்கு நினைவகம் ஒன்றே, வட்டை நாடும் தடவைகளில் நூற்றுக்கு 65 முதல் 90 வரை நீக்கிவிடக் கூடும் என்று அவர்கள் கண்டனர். புதிதாக எழுதப்படுபவற்றிற் பெரும்பகுதி சில நிமிடங்களுக்குள்ளேயே அழிக்கப்படுகிறது, அல்லது மாற்றி எழுதப்படுகிறது என்பதையும் கண்டனர்.

இக்கண்டுபிடிப்பின் விளைவு பெரிது. சில நிமிடங்களிலே அழிந்துபோவதை வட்டில் உடனே எழுதுவானேன்? சற்றுப் பொறுத்து எழுதினால் உழைப்பு மிச்சமன்றோ? நியாயமான கேள்விதான். பொறுத்து எழுதுவது சோம்பலன்று; அதுவும் ஓர் ஒழுங்கே. ஆனால், நூற்றுக்கு 65 என்றும் 90 என்றும் இரண்டு எண்களைச் சொன்னோமே, அவற்றின் இடைவெளி எதனாற் பிறந்தது? எழுதுவதை எவ்வளவு காலம் தள்ளிப்போடுகிறோம் என்பதனாலேயே பிறந்தது. விரைவு என்பது நம்பகத்தை உரசத் தொடங்கும் இடம் இதுவே.

அவ்விடத்தை அணுகுமுன், தீங்கற்ற விரைவு ஒன்றையும் சொல்லிவிடுதல் தகும். யுனிக்ஸ் மரபில், ஒரு கோப்பை ஒருவர் படித்தாலே அது படிக்கப்பட்ட நேரமும் குறிப்பில் எழுதப்படும். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டுவோர் ஒவ்வொருவரும் வாயிலிலுள்ள இடாப்பிற் கையொப்பமிட்டுப் போவதை ஒத்தது இது. ஆயிரம் கோப்புக்களைப் படித்தால் ஆயிரம் குறிப்புக்களைத் திருத்தி எழுதவேண்டும். அவற்றைப் பார்ப்பவரோ மிகச் சிலர். 1991ஆம் ஆண்டில் தோன்றிய லினக்ஸ் இயக்க முறைமையிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. 2007ஆம் ஆண்டில் அதன் ஆக்குநர்களிடையே இது பற்றி விவாதம் எழுந்தது. 2009ஆம் ஆண்டு முதல், குறித்த நேரம் ஒரு நாளினும் பழையதாயினோ, கடைசியாகப் படித்த பின் கோப்பு மாற்றப்பட்டிருந்தாலோ மட்டும் அதனைப் புதுப்பித்தாற் போதும் என்னும் விதி இயல்பாக்கப்பட்டது. தேவையற்ற எழுத்தை விலக்கியதனால் விரைவு கூடிற்று. எவரும் எதனையும் இழக்கவில்லை.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். சன் நிறுவனத்தாரின் ஏற்பாட்டில், சேவையகம் எவரையும் நினைவில் வைத்திருப்பதில்லை. இடையில் அது நின்று மீண்டும் எழுந்தால், மறுமொழி பெறாத கணினி தன் வேண்டுகோளைத் திரும்ப அனுப்பும். வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். இத்தகைய எளிமைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எழுதியாயிற்று என்று சேவையகம் மறுமொழி தருமாயின், அதற்கு முன்னர் அது உண்மையிலேயே வட்டில் எழுதி முடித்திருத்தல் வேண்டும். ஏனெனில், அம்மறுமொழியைப் பெற்ற கணினி தன்னிடமுள்ள பிரதியை விட்டுவிடும். 1989ஆம் ஆண்டில் வெளியான அதன் இரண்டாம் பதிப்பின் விதி இதுவே. ஒரு சிறு பதிவுக்கும் உள்ளடக்கத்தையும் குறிப்பையும் தனித்தனியே எழுதவேண்டியிருந்தமையால், எழுத்து மிகவும் மந்தமாயிற்று.

இம்மந்தத்தைத் தீர்க்க மூன்று வழிகள் தோன்றின. ஒன்று, மின்சாரம் நின்றாலும் அழியாதபடி மின்கலம் பொருத்திய நினைவகத்தில் எழுதிக்கொண்டு உடனே மறுமொழி தருதல். இதிற் பொய் இல்லை. வட்டுக்குப் பதிலாக மற்றொரு நிலையான இடம் கிடைத்தது, அவ்வளவே. இரண்டாவது, 1995ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு வகுத்த வழி. பெற்றுக்கொண்டேன், இன்னும் எழுதவில்லை என்று சேவையகம் உள்ளதை உள்ளபடி சொல்லும். கணினி தன் பிரதியை வைத்துக்கொண்டிருக்கும். இறுதியில் யாவற்றையும் உறுதிசெய்க என்று அது கேட்க, சேவையகம் எழுதி முடித்து உறுதி சொல்லும். பலவற்றை ஒருங்கே எழுதுவதால் விரைவும் உண்டு; வாக்கும் பிசகவில்லை.

மூன்றாவது வழியே ஆபத்தானது. எழுதாமலே எழுதியாயிற்று என்று சொல்லிவிடுதல்! சேவையகத்தின் அமைப்புப் பட்டியலில் ஒரு சொல்லை மாற்றினால் இது கைகூடும். மாற்றியவுடன் விரைவு வியக்கத்தக்கவாறு கூடும், பயனாளர் மெச்சுவர், பொறுப்பாளர் பெயர் பெறுவார். மின்சாரம் ஒரு கணம் நின்றால், எழுதியதாகச் சொல்லப்பட்டவை இல்லாமற்போகும். இல்லை என்பதை அறிவிக்கும் குரலும் இராது. லினக்ஸ் சேவையகங்களில் ஒருகாலத்தில் இவ்வழியே இயல்பாக அமைந்திருந்தது. பின்னர் அதன் பராமரிப்பாளர்கள், உண்மையில் எழுதிய பின்னரே மறுமொழி சொல்லும் வழியை இயல்பாக்கினர். அப்போது சிலர் பொறி மந்தமாயிற்று என்று முறையிட்டது வியப்பன்று. முன்னைய விரைவு எதனை ஈடாக வைத்துப் பெறப்பட்டது என்பதை அவர்கள் அறிந்திலர்.

இதனை ஒத்த மற்றொரு நிகழ்ச்சி 2009ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. லினக்ஸின் புதிய கோப்பு முறைமை ஒன்று, விரைவின் பொருட்டு, வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. முன்னையது ஏறத்தாழ 5 செக்கனுக்கு ஒருமுறை எழுதியது. புதியதோ அரை நிமிடமோ அதற்கு மேலோ பொறுத்தது. இடையிற் பொறி நின்றுபோன சிலருடைய கணினிகளில், பெயர் மட்டும் இருந்து உள்ளே ஓர் எழுத்தும் இல்லாத கோப்புக்கள் காணப்பட்டன. உறுதியாக எழுதுமாறு கேட்கும் கட்டளையை மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தவில்லை என்று முறைமையை ஆக்கியோர் சுட்டிக்காட்டினர். அவர்கள் கூற்று விதிப்படி சரியே. ஆயினும் மக்களின் வழக்கத்தையும் கருதி, பழைய கோப்பின் இடத்திற் புதியதை மாற்றி வைக்கும்போது உடனே எழுதும் ஏற்பாட்டை அவர்களே பின்னர்ச் சேர்த்தனர்.

நேயர்களே, இவை யாவும் எங்கோ தொலைநாட்டிற் பொறியியலாளர் நிகழ்த்திய வாதங்கள் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. மின்சாரம் என்றும் நிலைத்திருக்கும் என்று நம்பி வகுக்கப்பட்ட விரைவு, அத்தகைய நாட்களில் எத்தன்மையதாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு பாடசாலையில் ஆசிரியர் முப்பது பேர் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை ஒரே மாலையிற் பதிகின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் இரண்டு செக்கன் கூடுதலாகக் காத்திருப்பது சிறு தொல்லை. பதிந்த புள்ளிகளிற் சில மறைந்துபோய், எவை மறைந்தன என்றும் தெரியாதிருப்பது ஒரு மாணவனின் எதிர்காலத்தைத் தொடும் கேடு.

நம் சமூகம் இதனைப் பிறரினும் நன்கு உணரும். 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாளிரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. தீயிட்டோர் செயலையும் பொறியின் பிழையையும் ஒன்றென்று சொல்லுதல் ஆகாது. எனினும், ஓரிடத்தில் ஒரே பிரதியாக இருந்தது அழிந்தால் மீளாது என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவானதே. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் யாவர்க்கும் பொதுவாக வழங்கும் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் 2005ஆம் ஆண்டில் எழுந்ததன் பின்னணியில் அந்த இழப்பின் நினைவும் உண்டு.

இவ்வகைக் களஞ்சியத்திற்கும் பாடசாலைப் புள்ளி இடாப்புக்கும் இயல்பிலே வேறுபாடு உண்டு என்பதையும் கருதுதல் வேண்டும். நூற்களஞ்சியம் ஒருமுறை எழுதப்பட்டுப் பன்முறை வாசிக்கப்படுவது. அதற்குப் பதுக்கு நினைவகத்தைப் பெருக்குவதும், வாசித்த நேரத்தைக் குறிப்பதை விடுவதும், அடுத்த பகுதிகளை முன்னதாகவே படித்து வைப்பதும் ஏற்றவை. புள்ளி இடாப்போ பலர் ஒருங்கே எழுதுவது. அதற்குச் சிறு சிறு எழுத்துக்களைத் திரட்டி எழுதும் ஒழுங்கும், மின்சாரம் தடைப்பட்டாலும் சில நிமிடங்கள் தாங்கும் மின்கலமும் ஏற்றவை. வட்டில் இடம் வெறுமையாக இருத்தலும், பிரதியொன்று வேறிடத்தில் இருத்தலும் இரண்டிற்கும் வேண்டியவை. இன்று சுழலும் தட்டும் அலையும் கையும் இல்லாத சேமிப்புக் கருவிகள் பெருகிவிட்டன. அவற்றில் அயலமைப்பின் பெருமை குறைந்தது உண்மை. ஆனால், எழுதியாயிற்று என்னும் சொல்லின் பொறுப்பு அணுவளவும் குறையவில்லை.

ஆகவே, கோப்பகம் மந்தமாயிற்று என்று முறைப்பாடு வரும்போது பொறுப்பாளர் முதலிற் செய்யவேண்டுவது அளத்தல். மந்தம் வட்டிலா, நினைவகக் குறைவிலா, வலையமைப்பிலா, ஒரே கோப்புறையிற் குவிந்த கணக்கற்ற சிறு கோப்புக்களிலா என்று அறிந்த பின்னரே அமைப்பிற் கைவைத்தல் வேண்டும். பேர்க்கிலி அறிஞர்கள் அளந்தார்கள், அதனாலேயே திருத்தினார்கள். அடுத்து, ஒழுங்கினாற் பெறக்கூடிய விரைவு அனைத்தையும் பெறுதல் வேண்டும். அதன் பின்னும் போதாதென்றால் பொருள் செலவிட்டு நல்ல கருவி வாங்கலாம். எழுதாததை எழுதியதாகச் சொல்லவைத்துப் பெறும் விரைவை மட்டும், எத்தனை பேர் வற்புறுத்தினாலும், பிறர் ஏடுகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் நாடலாகாது.

விரைந்து தருவது கோப்பகத்திற்கு அழகு. தந்த வாக்கைக் காப்பது அதற்கு உயிர். இன்று ஒரு சிற்றலுவலகத்தின் மூலையில் இரையும் சேவையகத்தைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர்களும் யுவதிகளும், பழைய தோம்பு எழுதியோரின் வழித்தோன்றல்களே. அவர்களிடம் விரைவை மட்டும் கேட்டு நெருக்காமல், உண்மையையும் கேட்டுப் பெறுவது நம் கடமை.